பணியிடத் துன்புறுத்தல்: யாருடைய அளவுகோல்?

அலுவலகம் ஒன்றில் மேலதிகாரி மீது பாலியல் துன்புறுத்தல் புகார் எழுந்தால், விசாரணை தொடங்கும் முன்னரே உடன் பணிபுரிவோர் தமக்குள் ஒரு தீர்ப்பை வழங்கிவிடுகின்றனர். "அவர் அப்படிப்பட்டவர் அல்லர்", "அந்த அம்மாள் அன்றே சொல்லியிருக்கலாமே", "கை ஒன்றும் படவில்லையே" என்பன அத்தீர்ப்பின் வழக்கமான வாசகங்கள். இவற்றை வெறும் வம்புப் பேச்சென்று ஒதுக்கிவிட இயலாது. இத்தகைய அளவுகோல்கள் நம் நீதிமன்றங்களிலும் ஒரு காலத்தில் இடம்பெற்றிருந்தன.

1988-ஆம் ஆண்டில் நிகழ்ந்த இரு சம்பவங்கள் இதற்குச் சான்றாகும். சண்டிகாரில் நடந்த ஒரு விருந்தில் பஞ்சாப் காவல் துறைத் தலைவர் தம்மிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாக, இந்திய ஆட்சிப் பணியைச் சேர்ந்த பெண் அதிகாரி ஒருவர் புகார் செய்தார். சாதாரண அறிவுடைய எவரும் முறையிடாத அற்பத் தீங்கு குற்றமாகாது என்னும், அன்று நடைமுறையிலிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 95-ஆம் பிரிவையும் காட்டி உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளிற்று. பெண்ணின் மானத்தைக் குலைக்கும் செயலை அற்பமெனக் கொள்ள முடியாது என்று கூறி, உச்ச நீதிமன்றம் 1995-இல் அதனை மாற்றியது. பின்னர் விதிக்கப்பட்ட தண்டனைத் தீர்ப்பு 2005-இல் உச்ச நீதிமன்றத்தில் உறுதியாயிற்று.

தொடாமலே நேரும் தீங்கு

இரண்டாவது சம்பவம் இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. ஆயத்த ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் குழுவின் தலைவருக்குத் தனிச் செயலாளராக இருந்தவர், தட்டச்சுப் பணி செய்த பெண் ஊழியர் ஒருவரைத் தலைவர் சொல்வதை எழுதிக்கொள்ளும் பொருட்டு டெல்லி ஓட்டல் ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். அவர் மறுத்தும் நெருங்கி அமரவும் தொடவும் முயன்றதாகப் புகார். துறை விசாரணையில் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டு, 1989-இல் அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். டெல்லி உயர் நீதிமன்றமோ, அவர் 'முயன்றார்', தொடவில்லை என்று வேறுபடுத்திக் காட்டி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அகராதிப் பொருளிலும் சிறு முரண்பாடுகளிலும் சிக்கிக்கொள்ளாமல், நிகழ்ச்சியின் முழுச் சூழலையும் நோக்க வேண்டுமென்று கூறி உச்ச நீதிமன்றம் 1999-இல் பணிநீக்கத்தை நிலைநிறுத்தியது.

இவ்விரு தீர்ப்புகளுக்கும் இடையே, 1997-இல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. ராஜஸ்தானில் குழந்தை மணத்தைத் தடுக்க முயன்ற மகளிர் வளர்ச்சித் திட்டப் பணியாளர் ஒருவருக்கு 1992-இல் இழைக்கப்பட்ட கொடுமையே அவ்வழக்கின் பின்னணி. அந்நெறிகளும் பின்வந்த 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் துன்புறுத்தலுக்குக் கூறும் இலக்கணத்தின் உயிர்நாடி, செயல் அப்பெண்ணால் விரும்பப்படாதது என்பதே. இதனைத் தமிழில் 'விரும்பத்தகாத' என்று எழுதும் வழக்கம் பொருளைச் சற்றே திரித்துவிடுகிறது. 'விரும்பத்தகாதது' எது என்று ஊரார் முடிவு செய்யலாம். 'விரும்பப்படாதது' எது என்பதை அதற்கு ஆளானவரிடமிருந்தே அறிய வேண்டும். வேடிக்கையாகச் சொன்னேன் என்னும் விளக்கம் வலுவிழப்பது இங்கேதான்.

குழுவின் பணி

பத்துப் பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் இடங்களில் உள்ளகக் குழு அமைக்கப்பட வேண்டும். அதன் உறுப்பினருள் பாதிப் பேரேனும் பெண்களாக இருத்தல் வேண்டும். வெளியாள் ஒருவரும் அதில் இடம்பெறுவது, அலுவலகத்தின் உள்ளுறவுகளுக்குக் கட்டுப்படாத ஒரு பார்வை அவசியம் என்பதாலேயாம். புகார் அளிக்க மூன்று மாதம். தக்க காரணமிருப்பின் மேலும் மூன்று மாதம். மேலதிகாரியின் கையில் தன் பணிமதிப்பீடும் இடமாறுதலும் இருக்கையில் ஒரு பெண் சில வாரங்கள் வாளாவிருந்ததையும், வழக்கம்போல் வணக்கம் சொன்னதையும் சம்மதமாகக் கொள்வது பிழை.

பொய்ப்புகார் பற்றிய 14-ஆம் பிரிவும் பெரும்பாலும் பாதியளவே அறியப்பட்டுள்ளது. பொய்யென அறிந்தோ தீய நோக்குடனோ அளிக்கப்பட்ட புகாருக்கு நடவடிக்கை உண்டு என்பதை அலுவலர் பலரும் அறிவர். புகாரை மெய்ப்பிக்க இயலாமை மட்டுமே அத்தகைய நடவடிக்கைக்குக் காரணமாகாது என்றும், தீய நோக்கம் தனி விசாரணையில் நிறுவப்பட வேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகிறது.