48 மணி நேரத்திற்குப் பிறகு...



சாலை விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக வழங்கும் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' என்னும் திட்டம் 2021 டிசம்பரில் தமிழக அரசால் தொடங்கப் பெற்றது. கன்டெய்னர் லாரிகள் இரவு பகலாக ஊர்ந்து செல்லும் எண்ணூர் விரைவுச் சாலையைக் கடந்தே பிழைப்புக்குச் செல்ல வேண்டியுள்ள திருவொற்றியூர் மக்களுக்கு இஃது எத்துணை பெரிய பேறு என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? ஆயினும், தலையில் அடிபட்ட ஒருவரின் மனைவிக்கு 49ஆவது மணி நேரத்திலிருந்துதான் சோதனை தொடங்குகிறது. அதைக் குறித்துப் பேசுவோர் அரிதாகவே உள்ளனர்.

1950இல் டாக்டர் பி. இராமமூர்த்தி அவர்கள் சென்னைப் பொது மருத்துவமனையில் மூளை அறுவைச் சிகிச்சையைத் தொடங்கி வைத்த காலத்திலிருந்து அத்துறை வெகுவாக வளர்ந்துவிட்டது. முன்னாளில் பிழைத்திருக்கவே முடியாதவர்கள் இன்று உயிருடன் வீடு திரும்புகின்றனர், அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் திரும்பி வருபவர், காலையில் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு புறப்பட்டுச் சென்ற அதே மனிதர் அல்லர்.

நெற்றிக்குப் பின்புறம் அமைந்துள்ள மூளைப் பகுதியே சினத்தை அடக்கவும், நாவைக் காக்கவும், ஒரு வேலையைத் தாமாகத் தொடங்கவும் நமக்குத் துணை புரிகிறது. அது சிதைந்தவர் தெளிவாகப் பேசுவார், நடப்பார். ஆனால் பச்சைக் குழந்தையிடமும் சீறுவார். குளிக்கச் சொன்னால் அசையாது அமர்ந்திருப்பார். காண்போர் அதைச் சோம்பல் என்றோ திமிர் என்றோ எண்ணிவிடுவர். படுக்கையே கதியாகிவிட்டவரின் நிலையோ வேறு. புண் வராதிருக்க இரண்டு மணிக்கொருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைத்தல் வேண்டும். நாளொன்றுக்குப் பன்னிரண்டு முறை! உணவு மூச்சுக் குழலுக்குள் சென்றுவிடாதபடி நிமிர்த்தி வைத்தே ஊட்டுதல் வேண்டும். வலிப்பு மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் ஒருநாளும் நிறுத்தலாகாது. இவையனைத்தும் பெரும்பாலும் ஒரே பெண்ணின் இரு கைகளால் நடந்தேறுகின்றன.

மத்திய அமைச்சராயிருந்த பிரிய ரஞ்சன் தாஸ்முன்ஷி 2008 அக்டோபரில் நோயுற்று, மூளை பாதிக்கப்பட்டு, 2017 நவம்பரில் மறையும் வரை நினைவு திரும்பாமலேயே இருந்தார். அவருடைய மனைவி தீபா 2009 தேர்தலில் வென்று நாடாளுமன்றம் சென்றார். மருத்துவமனையும் தாதியரும் இருந்ததால் அது இயன்றது. ஒற்றையறை வீட்டில் வாழும் நம் சகோதரிக்கோ ரேஷன் கடைக்குச் சென்று வருவதே பெரும்பாடு.

கணவர் மரணித்துவிட்டால் மனைவிக்கு நான்கு மாதம் பத்து நாள் இத்தா உண்டு. அந்நாட்களில் ஊரார் அவளைத் துக்கத்திலிருப்பவளாக மதிப்பர். ஆனால், கணவர் கண்ணெதிரே இருந்தும் பழைய கணவரை இழந்துவிட்டவளுக்கு எந்த இத்தாவும் இல்லை. அவள் அழுதால், 'உயிரோடு இருக்கிறாரே, அதற்கு நன்றி செலுத்து' என்பர். அமெரிக்க அறிஞர் பாலின் பாஸ் என்ற அம்மையார் இத்தகைய வரையறையற்ற இழப்பைக் குறித்து 1999இல் ஒரு நூலே எழுதியுள்ளார். முடிவு தெரியாத துயரமே மனிதரை மிகுதியும் அரித்துவிடுகிறது என்பது அவரது ஆய்வின் சாரம்.

மற்றொன்றையும் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். மூளை அடிபட்ட கணவர் வெறி மேலிட்ட வேளையில் 'தலாக்' என்று கூவிவிட, மனைவி நடுநடுங்கி நிற்கும் நிலை நேர்வதுண்டு. அறிவு பேதலித்தவரின் தலாக் நிகழாது என்பதில் நான்கு மத்ஹபுகளின் இமாம்களும் ஒருமித்துள்ளனர். ஆகவே, மருத்துவரின் குறிப்பேட்டுடன் ஆலிம்களை அணுகி விளக்கம் பெறட்டும். அக்கம்பக்கத்தார் வாய்க்கு வந்தபடி தீர்ப்புக் கூறிக் குடும்பத்தைப் பிரித்துவிட வேண்டா.

இனி, பொருளாதாரச் சிக்கல். கணவர் கையொப்பமிட இயலாதபோது வங்கிப் பணத்தையும் வீட்டுப் பத்திரத்தையும் மனைவி தொட முடியாது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகியவற்றுக்கே பாதுகாவலரை நியமிக்க வழி செய்கிறது. விபத்தால் நினைவிழந்தோரை அது எண்ணிப் பார்க்கவில்லை. கேரள உயர் நீதிமன்றம் 2019இல் இதற்கென நெறிமுறைகளை வகுத்தது. 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், பி.பி. பாலாஜி ஆகியோர், கோமாவில் கிடந்த ஒருவரின் மனைவியையே பாதுகாவலராக நியமித்தனர். உரிமையியல் நீதிமன்றத்திற்குச் செல்க என்று முன்னர்த் திருப்பி அனுப்பப்பட்டவர் அவர். வால்டாக்ஸ் சாலையிலுள்ள சொத்தை விற்க அனுமதித்து, 50 இலட்ச ரூபாயைக் கணவர் பெயரில் வைப்பு நிதியாக இடுமாறும் ஆணையிட்டனர். நம் ஊருக்கு அருகிலேயே கிடைத்த இத்தீர்ப்பை வழக்கறிஞரிடம் எடுத்துக் காட்டலாம்.

விபத்து இழப்பீடு கோரும்போது பராமரிப்பாளருக்கான செலவையும் மறவாது கேளுங்கள். 2020இல் உச்ச நீதிமன்றம், மூளை பாதிக்கப்பட்ட 12 வயதுச் சிறுமியின் வழக்கில் இரு பராமரிப்பாளர்களின் ஊதியத்தை எதிர்காலத்திற்கும் கணக்கிட்டு வழங்கிற்று. இ.எஸ்.ஐ. அட்டையுடைய தொழிலாளி வேலைக்குச் செல்லும் வழியிலோ திரும்பும் வழியிலோ அடிபட்டாலும் அதைப் பணிக் காயமாகக் கருத 2010ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் இடமளித்தது. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையாளர் இல்லம் தேடி வருவர். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து கொள்ளுங்கள்.

இத்தனையும் இருந்தும் எஞ்சுவது தனிமையே. முதல் மாதம் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வீடு நிறையும். மூன்றாம் மாதம் வாசலில் செருப்பே இராது. எம் மதரஸாவில் ஓதும் ஒரு பிள்ளையின் தாயார் இந்நிலையில் இருப்பவர். அவர் ஒருநாள் சொன்னார்: "ஹஜ்ரத், எல்லாரும் 'ஸபூரா இரும்மா'ன்னு சொல்றாங்க. ஒரு மணி நேரம் நான் பார்த்துக்கிறேன், நீ போய்த் தூங்குன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறாங்க."

ஸபூர் உயர்ந்த பண்பு என்பதில் ஐயமில்லை. எனினும், பிறருக்கு அதை உபதேசிப்பதில் நமக்குச் செலவேதும் இல்லை என்பதையும் எண்ணிப் பாருங்கள்!

ஜமாஅத் இளைஞர்கள் இருவரிடம் இதைக் கூறினேன். இப்போது புதன்கிழமைதோறும் அஸர் தொழுகைக்குப் பின் அவர்கள் அவ்வீட்டிற்குச் சென்று, அவருடைய கணவருக்குச் சவரம் செய்துவிட்டு, மஃரிப் பாங்கு ஒலிக்கும் வரை பேச்சுத் துணையாய் இருக்கின்றனர். முதல் புதனன்று அந்தச் சகோதரி எங்கும் செல்லவில்லையாம். பக்கத்து வீட்டுத் திண்ணையில் தலை சாய்த்தவர், பாங்கு சொல்லிய பிறகே கண் விழித்தாராம்.