மகபதியைத் தெரியுமா?

மேக்பெத் தமிழ் பேசினால் அவன் பெயர் என்ன தெரியுமா? மகபதி!

விருந்தாளியாக வந்த அரசனைத் தூக்கத்திலேயே கொன்று அரியணை ஏறும் தளபதி. அப்புறம் நிம்மதி ஏது? பயம் பிடித்துக்கொள்கிறது. உயிர்த் தோழனையும் ஆள் வைத்துத் தீர்க்கிறான். அன்றிரவு விருந்தில், அந்தத் தோழனின் ஆவி மேக்பெத்தின் ஆசனத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அலறுகிறான் பாருங்கள், சபையில் வேறு யார் கண்ணுக்கும் அது தெரியவில்லை!

ஷேக்ஸ்பியர் இந்த நாடகத்தை எழுதியது ஏறத்தாழ 1606இல் என்பார்கள்.

மேக்பெத்தை மகபதியாக்கியவர், சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார். ஹாம்லெட்டையும் விடவில்லை அவர். அமலாதித்யன் என்று பெயர் சூட்டி, அந்த வேடத்தைத் தானே கட்டினார்.