வட்டத்தொட்டி: கூடிய இடமும் இலக்கிய அளவுகோலும்

முன்னுரை

பொதுமண்டபங்களின் வரலாறு பெரும்பாலும் கட்டட வரலாறாகவே எழுதப்படுகிறது. 1883இல் அடிக்கல் நாட்டப்பெற்ற சென்னை விக்டோரியா பொதுமண்டபத்தைக் குறிப்பிடுவோர், அதனை வடிவமைத்த இராபர்ட் சிசோமையும் கட்டிய நம்பெருமாள் செட்டியாரையும் தவறாது சுட்டுவர். அடிக்கல்லும் திறப்புவிழாவும் இன்றி, நெல்லையில் தோன்றிக் குற்றாலத்தில் நிலைபெற்ற இலக்கிய அவை வட்டத்தொட்டி. அது கூடிய முறைக்கும் அங்கு உருவான இலக்கிய அளவுகோலுக்கும் உள்ள தொடர்பை இக்கட்டுரை விளக்குகிறது.

பெயரும் இடப்பெயர்வும்

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் இரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரின் இல்லத்தில் வட்டவடிவிலான தொட்டிக்கட்டு முற்றம் ஒன்று இருந்தது. 1920களில் நண்பர்கள் அங்குக் கூடி இலக்கியம் நுகர்ந்தமையால் அவைக்கு இப்பெயர் அமைந்தது. 1930 முதல் 1935 வரை அறநிலைய ஆணையராகப் பணியாற்றிய டி.கே.சி., பின்னாளில் குற்றாலத்தில் குடியேறினார். பெயரும் அவருடன் சென்றது. முற்றத்தின் பெயர் அவையின் பெயராயிற்று. இராஜாஜி, கல்கி, நீதிபதி எஸ். மகராஜன், தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் முதலியோர் இவ்வட்டத்தைச் சார்ந்தோர்.

செவியே அளவுகோல்

டி.கே.சி. ஒரு பாடலைப் பலமுறை நிறுத்தி, ஓசை புலப்படப் படித்துக் காட்டுவார். சூழ அமர்ந்தோர் அனைவரும் கேட்போரே. ஏடு கையிலிருக்க வேண்டியதில்லை. எனவே பாடலின் தாளமும் உணர்ச்சியும் முதன்மை பெற்றன. இவ்வளவுகோலே ‘கம்பர் தரும் இராமாயணம்’ என்னும் அவரது பணியிலும் செயற்பட்டது. ஓசையும் உணர்ச்சியும் குன்றிய பாடல்களை இடைச்செருகல் என விலக்கினார். சில பாடங்களைத் திருத்தவும் செய்தார். சுவடிச் சான்றின்றிப் பாடத்தை மாற்றலாகாது எனப் பதிப்பறிஞர்கள் மறுத்தனர்.

இவ்விரு நிலைகளும் இருவேறு வினாக்களுக்கான விடைகள். பாடல் கேட்போரிடம் எவ்வாறு உயிர்பெறுகிறது என்பது அவையின் வினா. புலவர் எழுதியது யாது என்பது பதிப்பின் வினா. முன்னதற்குச் செவி சான்றாகலாம். பின்னதற்குச் செவி மட்டும் போதாது.

முடிவுரை

1954இல் டி.கே.சி. மறைந்தபின், அவர் குரலை மையமாகக் கொண்ட அவைக்கு அவரது எழுத்துகளும் நண்பர்களின் நினைவுப்பதிவுகளுமே எச்சமாயின. ஆதலின் அவரது கம்பன் பதிப்பைப் பாடச் சான்றாகக் கொள்வதினும், ஓர் அவை கம்பனைக் கேட்ட முறையின் ஆவணமாகக் கொள்வதே ஆய்வுக்குப் பொருந்தும்.