அலைவரிசையும் பொதுச் சொத்தே

பேச்சு விளங்காத ஊருக்குப் பிழைக்கச் சென்றவனுக்குச் சோற்றுக்கு அடுத்தபடியாக வேண்டுவது சேதியாகும். கூலி எவ்வளவு, வைத்தியசாலை எங்கே, சட்டம் என்ன சொல்கிறது என்பவற்றைத் தன் மொழியில் எடுத்துரைக்க ஆள் இல்லையெனில், கையில் தொழில் இருந்தும் அவன் ஏமாற்றப்படுவான். இக்குறையைத் தீர்க்க வானொலி எவ்வாறு உதவும் என்பதை நம் அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது நலம்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துக்கு 1850-களில் தங்கம் தேடிச் சென்ற சீனர்கள், மெல்போர்ன் நகரின் லிட்டில் பர்க் வீதியில் தங்களுக்கென ஒரு குடியிருப்பை அமைத்துக்கொண்டார்கள். பின்னர் கிரேக்கர், இத்தாலியர், அராபியர் எனப் பலரும் அந்நகரில் குடியேறினர். 1975-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி அந்நாட்டு அரசாங்கம் புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆங்கிலம் அறியாத குடியேறிகளுக்கு அதனை விளக்கும்பொருட்டு, ஜூன் மாதத்தில் சிட்னியிலும் மெல்போர்னிலும் இரண்டு பன்மொழி வானொலி நிலையங்கள் தொடங்கப்பெற்றன. சில மாதச் சோதனையாகத் தொடங்கிய அந்த ஏற்பாடே வளர்ந்து, இன்று சீனமும் தமிழும் உள்ளிட்ட பல மொழிகளில் ஒலிபரப்பும் எஸ்.பி.எஸ். வானொலியாக நிலைபெற்றிருக்கிறது.

அது அரசாங்கத்தின் முயற்சி. 1989-இல் மெல்போர்னில் எழுந்த ‘3 இசட் இசட் இசட்’ என்னும் நிலையமோ மக்களின் முயற்சி. ஒவ்வொரு மொழியினரும் ஒரு குழுவாகச் சேர்ந்து, சந்தா செலுத்தி, தொண்டர்களைக் கொண்டு நிகழ்ச்சி நடத்துகின்றனர். சீனருக்கும் தமிழருக்கும் அங்கே இடமுண்டு. பங்குத் தொகையும் பொறுப்பும் பகிர்ந்து நடத்தும் நமது சங்கங்களின் முறைக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. புலம்பெயர்ந்த குடும்பங்களில் பாட்டி தாய்மொழி பேசுவாள். பேரனோ ஊர்மொழியில் விடை சொல்வான். இருவரும் ஒருங்கே அமர்ந்து கேட்க வேண்டுமாயின் நிகழ்ச்சியில் இரு மொழிக்கும் இடம் இருத்தல் வேண்டும்.

நமது புதுச்சேரிக்குப் பன்மொழி வாழ்வு புதியதன்று. 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி ஆட்சி கைமாறிய பின்னும் பிரெஞ்சு மொழி இந்நகரில் வழங்கி வருகிறது. தமிழ் பேசும் புதுச்சேரி, காரைக்காலுடன் மலையாளம் பேசும் மாஹேயும் தெலுங்கு பேசும் ஏனாமும் ஒரே ஆட்சியில் அமைந்துள்ளன. அகில இந்திய வானொலியின் புதுச்சேரி நிலையம் 1967-இல் தோன்றியது. காலாப்பட்டிலுள்ள பல்கலைக்கழகம் 107.8 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ‘புதுவை வாணி’ என்னும் சமுதாய வானொலியைத் தொடங்கியது. இன்று ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து கட்டட வேலைக்கும் பட்டறை வேலைக்கும் தொழிலாளர் வருகின்றனர். அன்று சீனருக்கு மெல்போர்ன் எப்படியோ, இன்று இவர்களுக்கு நமது ஊர் அப்படி.

1995-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், ஒலியலைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தது. ஆயினும் 2002-இல் கல்வி நிலையங்களுக்கு மட்டுமே முதலில் வழி திறக்கப்பட்டது. 2006-இல்தான் இலாப நோக்கற்ற பொதுத்தொண்டு நிறுவனங்களுக்கும் வேளாண் அறிவியல் நிலையங்களுக்கும் அனுமதி கிட்டியது. அவ்விதிகளின்படி, விண்ணப்பிக்கும் தொண்டு நிறுவனம் குறைந்தது மூன்றாண்டு பொதுப்பணி புரிந்திருக்க வேண்டும். நிகழ்ச்சிகளில் பாதியேனும் உள்ளூர் மக்களின் பங்கேற்புடன் அமைய வேண்டும். செய்திகளைச் சுயமாகத் தயாரிக்க அனுமதியில்லை. அகில இந்திய வானொலியின் செய்திகளையே ஒலிபரப்பலாம். எனினும் வானிலை, தேர்வு, குடிநீர், மின்சாரம் பற்றிய அறிவிப்புகளுக்குத் தடையில்லை.

தெலங்கானாவில் மாச்னூர் கிராமத்தில் 2008-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் தேதி ‘சங்கம் ரேடியோ’ தொடங்கிற்று. அதனை நடத்துவோர் தலித் பெண் விவசாயிகள். விதை காப்பதும் சிறுதானியம் பயிரிடுவதும் அங்கே அவர்கள் வாயாலேயே பேசப்படுகின்றன. இதற்கு முன்னரே, 1960-களில் திருச்சி வானொலி பண்ணைப் பேச்சுகளின் வழியே ஏ.டி.டி.27 என்னும் நெல்லைத் தஞ்சை உழவரிடம் பரப்பியது. உழவர்கள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் சூட்டினார்கள். தன் மொழியில் தனக்குப் பயன்படும் செய்தி வந்தால் மக்கள் செவி சாய்ப்பர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இதில் இடர்களும் உண்டு. கருவி வாங்குவதைவிட நிலையத்தை மாதந்தோறும் நடத்துவதே கடினம். மின்கட்டணம், பழுதுபார்ப்பு, ஊழியர் ஊதியம் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். 2024-இல் திருத்தப்பட்ட விதிகள் மணிக்கு 12 நிமிடம் விளம்பரம் செய்ய இடமளிக்கின்றன. எனினும் விளம்பரத்தையே நம்பினால், விளம்பரம் கொடுப்பவனின் குரலே ஓங்கும். கேட்பவரின் குரல் தேய்ந்துவிடும். தொடக்க நன்கொடையை மட்டும் நம்பினாலோ, அது தீரும் நாளில் நிலையமும் ஊமையாகிவிடும். ஆகையால் கேட்பவர்களே சிறு சந்தா செலுத்தி, பொறுப்பாளரைத் தேர்ந்தெடுத்து, வரவு செலவைப் பொதுக் கூட்டத்தில் கேட்டு ஒப்புக்கொள்ளும் முறையே நிலைத்து நிற்கும்.

தனி நிலையம் அமைப்பது பெரிய காரியம். அதற்கு முன் சிறு அளவில் தொடங்க வழியுண்டு. அருகிலுள்ள சமுதாய வானொலியை அணுகி, வாரம் அரைமணி நேரம் கேட்டுப் பெறலாம். தறிப் பழுது, சாயமிடும் முறை, பயிர் நோய், தொழிலாளர் நலச் சட்டம் ஆகியவற்றைத் தமிழிலும், வெளிமாநிலத் தொழிலாளர் அறிந்த மொழியிலும் மாறி மாறிச் சொல்லலாம். பேசுவதற்கு நமது சங்கங்களிலேயே கைதேர்ந்தவர்கள் இருக்கின்றனர். அடுத்த பொதுக் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக வைத்து அங்கத்தினர்கள் ஆலோசிப்பார்களாக.