புத்துப்பட்டு ஐயனார் வனம்

காடு என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருடைய மனம் ஆனைமலைக்கும் முதுமலைக்கும் ஓடிவிடுகிறது. யானையும் அருவியும் இல்லாத இடத்தைக் காடென்று ஒப்புக்கொள்ளவே நாம் சித்தமாக இருப்பதில்லை. ஆனால் சோழமண்டலக் கடற்கரையில், நெல்வயல்களுக்கும் சவுக்குத் தோப்புகளுக்கும் நடுவே, நிதானமாக நடந்தாலும் சிறிது நேரத்தில் சுற்றி வந்துவிடக்கூடிய சிறுசிறு வனங்கள் சில இன்றும் பிழைத்திருக்கின்றன. புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய புத்துப்பட்டில், மஞ்சனீஸ்வர ஐயனார் கோயிலைச் சூழ்ந்து நிற்கும் காடு அவற்றுள் ஒன்று.

ஒரு காலத்தில் விசாகப்பட்டினத்திலிருந்து இராமநாதபுரம் வரை கடலோரமாகப் பரவியிருந்ததாகத் தாவர சாஸ்திரிகள் கருதும் உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சமே இது. இந்தப் பிரதேசத்தில் மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். அதற்குப் பின் நெடுங்காலம் வானம் வறண்டு கிடக்கும். இவ்வளவு வறட்சியில் மரங்கள் இலையுதிர்த்துவிட்டு நிற்பதுதான் உலக வழக்கம். இவையோ சித்திரை வெயிலிலும் பச்சை மாறாமல் நிற்கின்றன. தோலைப்போல் தடித்து, மெழுகு பூசினாற்போல் மின்னும் சிறிய இலைகள் நீரை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. வேர்கள் செம்மண்ணைத் துளைத்து ஆழத்தில் ஈரத்தைத் தேடிச் செல்கின்றன. ஒன்றோடொன்று பின்னிய கிளைகளின் நிழலும், அதன் கீழ் மட்கும் சருகும், பெய்த மழையைப் பூமிக்குள்ளேயே சேமித்து வைக்கின்றன. வெளியே சாலையில் கானல் அலையும் நண்பகலிலும் உள்ளே நுழைந்தவுடன் உடம்பு குளிர்ச்சியை உணர்வது இந்தக் காரணங்களால்தான்.

இங்கே விண்ணை முட்டும் விருட்சங்களை எதிர்பார்த்து வருகிறவர் ஏமாந்துபோவார். பெரும்பாலான மரங்கள் நடுத்தர உயரமே உடையவை. அவற்றின் பெருமை வயதிலும் உறுதியிலும் இருக்கிறது. பாலை மரத்தின் அடியை நெருங்கிப் பாருங்கள்: பட்டை கறுத்து, சிறுசிறு கட்டங்களாக வெடித்திருக்கும், நுனியில் லேசாகப் பிளந்த இலைகள் கிளைமுனைகளில் கொத்தாகக் கூடியிருக்கும். கோடையில் மஞ்சள் நிறத்தில் பழுக்கும் அதன் சிறு கனி தேனாய் இனிக்கும், ஆனால் பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும். அதற்கருகே வீரை நிற்கும். காசா மரம் பூக்கும் பருவத்தில் சென்றால், இலைகளுக்குக் கீழே, வெறுங்கிளையை ஒட்டியே நீலப் பூக்கள் குழுமியிருப்பதைக் காணலாம். திருமாலின் திருமேனி நிறத்துக்குப் புலவர்கள் உவமையாக எடுத்துக்கொண்ட காயாம்பூ இதுவே. மரத்துக்கு மரம் பருத்த கொடிகள் தாவிச் செல்கின்றன. முசிறு எறும்புகள் பச்சை இலைகளை இழுத்துச் சேர்த்து, தம் புழுக்கள் சுரக்கும் நூலால் தைத்துக் கட்டிய கூடு தலைக்கு எட்டும் உயரத்தில் தொங்கும்; அதைச் சற்று விலகி நின்று பார்ப்பதே உத்தமம்.

பாலையும் வீரையும் கடலுக்கு அப்பால் இலங்கையின் வன்னிக் காடுகளிலும் முக்கியமான மரங்கள். புத்துப்பட்டுக்கு அருகிலேயே இலங்கைத் தமிழ் அகதிகளின் முகாம் ஒன்று இருக்கிறது. போரினால் ஊரை விட்டு வந்தவர்கள் குடியேறிய இடத்திலும் அதே மரங்கள் நின்றிருந்தன என்பதை நினைக்கும்போது என் மனம் நெகிழ்கிறது.

வயலுக்காகவும் விறகுக்காகவும், பின்னர் சவுக்குக்காகவும் முந்திரிக்காகவும், சுற்றிலுமிருந்த காடெல்லாம் அழிந்தபோது இது மட்டும் தப்பியதற்கு ஐயனாரிடம் ஜனங்கள் வைத்த பயபக்தியே காரணம். சாமி காட்டில் அரிவாள் வைக்கக் கூடாது, சுள்ளி பொறுக்கினாலும் குற்றம் என்ற கட்டுப்பாட்டை எழுதப்பட்ட சட்டம் எதுவுமின்றித் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்திருக்கிறார்கள். அடுப்பெரிக்க வழியின்றித் தவித்த ஏழைக் குடும்பங்களும் இதற்குக் கட்டுப்பட்டிருந்தன என்பதை நாம் மறக்கலாகாது. இன்று ஆபத்து வேறு உருவத்தில் வருகிறது. காட்டின் விளிம்பைத் திருத்தி வண்டி நிறுத்துவதும், மரத்தடியில் அடுப்பு மூட்டிவிட்டுப் பிளாஸ்டிக் இலைகளை எறிந்து செல்வதும், கோயிலுக்கு விசாலமாகச் சிமெண்டுத் தரை போடுவதும் பக்தியின் பெயராலேயே நடக்கின்றன. பெருங்காட்டுக்கு இவை சிறு காயம். இத்தனை சிறிய வனத்துக்கோ இவை உயிரையே தொடும்.

உலாவ வருகிறவர்கள் மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களில், கூட்டம் சேரும் விடுமுறை நாட்களைத் தவிர்த்து, வெயில் ஏறுமுன் வருவது நலம். முன்னரே இருக்கும் ஒற்றையடிப் பாதையை விட்டு விலக வேண்டாம். சருகுக்கு அடியில் இவ்வாண்டு முளைத்த கன்றுகள் இருக்கும். கூடுமானால் ஊர்ப் பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். "ஐயா, இது என்ன மரம்?" என்று மரியாதையோடு கேட்டால், பெயரோடு நில்லாமல், எந்தக் கனியைத் தின்னலாம், எந்த மரம் உலக்கைக்கு ஆகும், எந்தப் பறவை எப்போது வரும் என்றெல்லாம் அவர் சொல்லிக்கொண்டே வருவார்.

கோயில்காடுகளின் பயன் அவற்றின் எல்லைக்குள் அடங்கிவிடுவதில்லை. 1968ஆம் ஆண்டு இவ்வட்டாரத்திலேயே ஆரோவில் நகரம் தொடங்கப்பெற்றபோது அது அமைந்த மேட்டுநிலம் மழைநீர் அரித்துப் பள்ளமாக்கிய செம்மண் பொட்டலாகக் கிடந்தது. அதைச் செப்பனிட முன்வந்தவர்கள், கரை கட்டி மழைநீரைத் தேக்கி, முதலில் விரைவில் வளரும் மரங்களை நிழலுக்காக வளர்த்து, பின்னர் இந்த மண்ணுக்கே உரிய மரங்களின் விதைகளைத் தேடிப் புறப்பட்டார்கள். அவர்களுக்கு அவை கிடைத்த இடங்கள் சுற்றுவட்டாரத்து ஐயனார் காடுகளும் அம்மன் காடுகளுமே. அந்த விதைகளிலிருந்து எழுந்த மரங்கள் இப்போது காய்த்து, பறவைகளின் உதவியால், மனிதர் யாரும் நடாத இடங்களிலும் கன்றுகளை முளைப்பித்து வருகின்றன.