மழை பெய்த குளத்தில் இறங்கலாமா?

நாலு நாள் கொட்டிய ஐப்பசி மழை விட்டிருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல் குளம் பளிங்குபோலத்தான் தெரிகிறது. சோதனைக் குழாயில் தண்ணீர் மொண்டு ஃபீனால் ரெட் சொட்டுகளை விட்டுப் பாருங்கள். வழக்கமான இளஞ்சிவப்பு வராமல் மஞ்சள் தட்டினால், தண்ணீர் அமிலப் பக்கம் சாய்ந்திருக்கிறது.

“அமில மழை சார், நாங்க என்ன செய்ய?” என்பார் பராமரிப்பாளர். நிலக்கரி மின்நிலையமும் வாகனங்களும் கக்கும் கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகளால் மழை அமிலமாவது உண்மைதான். மாசில்லாத மழையின் பி.எச். அளவே சுமார் 5.6. குளத்துக்கு வேண்டியதோ 7.2 முதல் 7.8 வரை.

ஆனால் கணக்குப் பாருங்கள். ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள குளம், காரத்தன்மை 100 பி.பி.எம். அதில் பி.எச். 4.5 உள்ள மழை 100 மி.மீ. பெய்தாலும், அதன் அமிலம் தின்பது சுமார் 0.1 பி.பி.எம்.தான். மழைநீர் கலந்து நீர்த்துப்போவதால் குறைவதோ 6 பி.பி.எம்.! காரத்தன்மைதான் பி.எச். அளவைத் தாங்கிப் பிடிக்கிறது. அது 80-க்குக் கீழே இறங்கிய பின், அமிலத்தன்மையுள்ள டிரைகுளோர் என்ற குளோரின் மாத்திரைகளையும் போட்டால் பி.எச். சரசரவெனச் சரியும்.

சரிந்தால் கண் எரியும், தோல் அரிக்கும். ஓடுகளுக்கு இடையிலுள்ள சிமென்ட் பூச்சு கரையும், ஏணியும் பம்பும் துருவேறும்.

வைத்தியம் எளிது. முதலில் காரத்தன்மையை ஏற்றுங்கள்: ஒரு லட்சம் லிட்டருக்கு 1.7 கிலோ சமையல் சோடா போட்டால் சுமார் 10 பி.பி.எம். கூடும். வடிகட்டி பம்பை ஓடவிட்டு, மறுபடி சோதியுங்கள். பி.எச். இன்னும் குறைவாக இருந்தால் மட்டும் சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்). மஞ்சள் மாறும்வரை குழந்தைகளை இறக்காதீர்கள். அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். உயிருக்கே ஆபத்தான குளோரின் வாயு கிளம்பும்.

கட்டணம் வாங்கும் குளமானால், தினசரி அளவுகளைக் குறித்த நோட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பராமரிப்பில் அலட்சியம் தெரிந்தால் எழுத்தில் புகார் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். பலனில்லையென்றால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். ஆலைப் புகைதான் தொல்லையென்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் முறையிடுங்கள். அடுத்த முறை மழைமேல் பழி போட்டால், மழைக்கு முந்தைய நாள் காரத்தன்மை எவ்வளவு என்று கேளுங்கள்.