பெரிய இன்வேர்ட்டர் வாங்கலாமா?

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியது எல்லாருக்கும் ஞாபகமிருக்கும். அதற்குப் பிறகு நமது ருவான்வெல்லைத் தோட்டங்களிலும் இன்வேர்ட்டர் பேச்சு அடிபடுகிறது. “12 வோல்ட், 3000 வாட்ஸ்” என்று எழுதிய பெட்டியைக் கண்டால், கேத்தலும் ஸ்திரிப்பெட்டியும் ஓடும் என்று சிலர் சீட்டுக் காசையே கொடுத்துவிடப் பார்க்கிறார்கள்.

கணக்கை நாமே போடுவோம். 3000ஐ 12ஆல் வகுத்தால் 250 அம்பியர். வீட்டு 230 வோல்ட் லைனில் இதே வேலைக்கு 13 அம்பியர் போதும். 250 அம்பியர் ஓட, சுண்டுவிரல் மொத்தத்துக்குச் செம்பு வயர் வேணும். மெல்லிசு வயர் போட்டால் சூடேறி உருகித் தீப்பிடிக்கும். லயத்தில் ஒரு காம்பரா பற்றினால் அடுத்த காம்பரா தப்புமா?

பெட்டரியும் தாங்காது. 100 அம்பியர்-மணி என்பது 5 அம்பியர் வீதம் 20 மணித்தியாலம் என்ற கணக்கு. 250 இழுத்தால் சில நிமிஷத்தில் வோல்ட் இறங்கி, இன்வேர்ட்டர் கத்திக்கொண்டு நின்றுவிடும். சும்மா ஒன் பண்ணி வைத்தாலே பெரிய பெட்டி 20, 30 வாட்ஸ் தின்னும். பிள்ளை படிக்கிற பல்புக்கு 9 வாட்ஸ்தான்!

பல்பு இரண்டு, சின்ன டீவி, போன் சார்ஜ் என்றால் 300 வாட்ஸ் இன்வேர்ட்டர் தாராளம். அதே பெட்டரியில் பாதியைச் செலவழித்து ஐந்தாறு மணித்தியாலம் ஓட்டலாம். கேத்தல்தான் வேணுமென்றால் 24 வோல்ட் பெட்டி பாருங்கள். அம்பியர் பாதியாகும், ஆனால் பெட்டரி இரண்டு வேணும். ரப்பர் விறகு கிடைக்கிற ஊரில் அது வீண்செலவு என்பதே நம் எண்ணம்.

எதை வாங்கினாலும் பெட்டரி முனைக்குப் பக்கத்திலேயே பியூஸ் போடுங்கள். பெட்டரியைப் படுக்கிற இடத்தில் வைக்க வேண்டாம். சார்ஜாகும்போது வரும் வாயு தீப்பற்றக்கூடியது.